காத்து வாங்கப் போனவர்

மருந்துக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மகளுக்கு அந்த போன் வந்தது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாகவே அப்படி ஒரு போன் வரும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவள் அவள். மனசுக்குள் ஓட்டிப் பார்த்த படத்தில் எப்போதும் பேசுவது முன்பின் தெரியாத ஒரு குரல். "ஒரு பெரியவர் சட்டைப் பையில இந்த நம்பர் இருந்துச்சும்மா" என்று ஆரம்பிக்கும். ஏதோ ஒரு மலைச்சரிவு, இல்லையென்றால் ஏதோ ஒரு ஆற்றங்கரை.

பேசியது அம்மா. "கடையை யார்கிட்டயாவது பாத்துக்கச் சொல்லிட்டு வா. மத்தியானம் படுத்தவர் எந்திரிக்கல."

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அப்பா தன் கட்டிலில், தன் தலையணையில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். அடுத்த தெரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே, "தூக்கத்திலேயே போயிருக்காரு. கஷ்டமே பட்டிருக்க மாட்டார்" என்றார்.

மகளுக்கு அழுகை வருவதற்கு முன்னால் வந்தது ஒரு பெருமூச்சு. அப்பாடா, பள்ளத்தில் இல்லை, வெள்ளத்தில் இல்லை, வீட்டுக் கட்டிலில். அப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனால் அந்த நிம்மதி ராத்திரி வரைகூடத் தாங்கவில்லை. பின்னாலேயே இன்னொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது: கடைசி ஒரு வருஷமாக அந்த மனுஷனை இந்த வீட்டுக்குள் அடைத்து வைத்தது நான்தானே.

வேறு ஒருவரை அடைத்திருந்தால் பரவாயில்லை. அவரை அடைத்ததுதான் கொடுமை. ஏனென்றால் அவர் வாழ்நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்தவர்.

உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. லிஃப்டில் போய் வருகிறவர்களுக்குத் தெரியாத ஓர் இடம் அங்கே உண்டு. கதவுகளுக்குப் பின்னால், கட்டடத்தின் அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஓடும் இருட்டுக் குழி. இரும்புக் கயிறுகளுக்கும் கிரீஸ் வாடைக்கும் நடுவில், தலையில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் வேலை பார்த்தது அதற்குள்தான். குழியை விட்டு ஏறினால் மொட்டைமாடி மோட்டார் அறை. அதற்கும் ஜன்னல் கிடையாது. அதனால் சாயங்காலம் வீடு வந்தால் நேராக உள்ளே வர மாட்டார். பையை மட்டும் வாசலில் வைத்துவிட்டு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று தெருவில் இறங்கிவிடுவார்.

"காத்து வாங்கிட்டு வர்ற வழியில கொஞ்சம் காய்கறியும் வாங்கிட்டு வாங்க" என்று அம்மா பின்னாலிருந்து கத்துவாள். காற்று மட்டும்தான் வந்து சேரும். வேலை இடத்திலும் இதே பேச்சுதான். டீ இடைவேளை மணி அடித்தால் எல்லாரும் டீக்கு ஓட, இவர் மட்டும் வெளிக் கதவைப் பார்த்து ஓடுவார். அப்படித்தான் அவருக்குக் 'காத்துக்காரர்' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரைவிட வேகமாக வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் உள்ளே இருப்பவரோடு பேச இவரால்தான் முடியும். கதவுக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். "சார், உள்ள ஃபேன் ஓடுதுல்ல? அப்ப காத்துக்குப் பஞ்சமில்லை, பயப்படாதீங்க. வெளிய வந்ததும் முதல்ல எங்க போவீங்க? அதைச் சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுப்பார். பெரும்பாலும் வீட்டுக்கு என்பார்கள், சிலர் பாத்ரூமுக்கு என்பார்கள். ஒரு முறை ஒருவர், நடுங்குகிற குரலில், ஊருக்கு வெளியே பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் ஒரு ஏரி இருப்பதாகவும், போய் அதன் கரையில் மல்லாந்து படுத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். அன்றைக்குக் கதவு திறந்து அந்த ஆள் விட்டால் போதும் என்று ஓடப் பார்க்க, அப்பா அவர் சட்டையைப் பிடிக்காத குறையாக, "எந்த பஸ் சார்? எங்க ஏறணும்?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினாராம்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் ஏறிய முதல் பஸ் அதுதான்.

"வாழ்நாள் பூரா மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். இனிமே கொஞ்சம் நேரா போய்ப் பாக்குறேன்" என்றார். போனார். ஏரியில் ஆரம்பித்தது ஆற்றுக்குப் போயிற்று, ஆற்றிலிருந்து காட்டோரம், அங்கிருந்து மலை. கெட்டியான ஷூ வாங்கினார். சுருட்டி முதுகில் போட்டுக்கொள்கிற கூடாரம் ஒன்று வாங்கினார். அதற்காக எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பறவையின் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. "வெள்ளையா, கால் நீளமா, கொஞ்சம் திமிரா நிக்குமே, அது" என்பார். மரங்கள் எல்லாம் அவருக்கு இரண்டே வகை. படுக்க நிழல் தருகிறது ஒன்று, தராதது ஒன்று. தெரிந்துகொள்ளப் போகவில்லை அவர், சும்மா இருக்கத்தான் போனார்.

கால்சட்டை முழுக்க முள்விதைகள் ஒட்டிக்கொண்டு திரும்புவார். அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடி அர்ச்சனை செய்வாள். "நீயும் ஒரு நாள் வாயேன்" என்று அவர் கூப்பிட்டால், "எனக்கு வெயில் ஆகாது, பஸ் ஆகாது, பூச்சி ஆகாது" என்பாள். "அந்த வரிசையில என்னையும் சேர்த்துடாத" என்பார் அவர்.

ஒரு மழைக் காலத்தில் மலைக்குப் போனவர் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மகளும் மருமகனும் இரண்டு போலீஸ்காரர்களோடு அடிவாரத்தில் போய் நின்றால், பாதை வழியாகக் குச்சியை ஊன்றிக்கொண்டு அவர் பாட்டுக்கு இறங்கி வருகிறார். மழையில் வழி தவறி ஓர் ஆட்டுக் கொட்டகையில் ஒண்டியிருக்கிறார். இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "நீங்க எப்ப வந்தீங்க? சொல்லியிருந்தா சேர்ந்தே ஏறியிருக்கலாமே!" என்றார். மகளுக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டாள். ஒரு போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார்.

அப்புறம்தான் நெஞ்சு வலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரி, நீள நீளமான பரிசோதனைகள். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று மகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, தினமும் அதை எடுத்துக் கொடுக்கிறவள். அதைச் சாப்பிடுகிறவர் பாறையில் வழுக்கி விழுந்தால் ரத்தம் லேசில் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூ, கூடாரம், குச்சி எல்லாவற்றையும் கார் டிக்கியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"ஜப்தி பண்ண வந்தவங்க மாதிரி இருக்கே" என்றார் அப்பா. தலைகீழாக நின்று சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தவளுக்கு, பெட்டிப் பாம்பாக அடங்கி உட்கார்ந்ததுதான் உறுத்தியது. தினமும் கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில் போன் செய்வாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்மா."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"எங்கயும் வெளிய கிளம்பிடலையே?"

"உங்க அம்மாவை விட்டுட்டு நான் எங்கம்மா போகப் போறேன்?"

அந்த 'உக்காந்திருக்கேன்மா'தான் அவர் போன பிறகு மகளின் காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இறுதிச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பி, வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும் மிஞ்சியபோது அது இன்னும் கூடிப்போயிற்று. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். முகம் கொடுத்தே பேசவில்லை. அம்மா மனசில் என்மேல்தான் கோபம், சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்று மகள் முடிவே கட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் வாசல் மணி அடித்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையில் ஒரு துணித் தொப்பியோடு நின்றிருந்தார். பஸ் கண்டக்டர் என்று தோளில் தொங்கிய பையே சொன்னது.

"காத்துக்காரர் வீடு இதுதானேம்மா? இந்தத் தொப்பியைச் சீட்டுலயே விட்டுட்டாரு. ரெண்டு நாளா வருவார், குடுத்துடலாம்னு வெச்சிருந்தேன். ஆளைக் காணோம். அதான் டூட்டிக்குப் போற வழியில விசாரிச்சுக்கிட்டு வந்தேன்."

"அப்பா தவறிட்டாருங்க" என்றாள் மகள்.

கண்டக்டர் தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா சொல்றீங்க? எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமையா? அன்னிக்கு என் பஸ்லதானேம்மா ஏரிக்குப் போயிட்டு வந்தாரு!"

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க வேற யாரையோ சொல்றீங்கண்ணா. எங்கப்பா ஒரு வருஷமா வீட்டை விட்டு வெளிய போனதே இல்லை."

"லிஃப்ட் வேலை பார்த்தவர்தானே? பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பா நிக்கும்போது 'இது எந்த மாடி?'ன்னு கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைப்பாரே. கூட அம்மாவும் வருவாங்களே. அவங்கதான் முதல்ல ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிப்பாங்க. அதுல யாராச்சும் உக்காந்திருந்தா முறைச்சே எழுப்பிடுவாங்க." பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர், "இதோ அம்மாவே நிக்கிறாங்களே!" என்றார்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். பஸ் ஆகாத, வெயில் ஆகாத அம்மா.

கண்டக்டர் அம்மாவிடம் இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார். அவர் இல்லாமல் அந்த ட்ரிப்பே வெறிச்சென்று இருக்கப் போகிறது என்றார். தொப்பியை மேஜைமேல் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். கதவு மூடியதும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"திட்டறதுன்னா திட்டிடு. ஒரேயடியா முடிஞ்சுடட்டும்" என்றாள்.

"முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா."

"என்ன நடந்துச்சா? நீ ஷூவை எடுத்துட்டுப் போனே. மனுஷன் அன்னியில இருந்து என் பின்னாடியே சுத்த ஆரம்பிச்சாரு. நான் அடுப்படிக்குப் போனா அடுப்படி, துணி காயப்போட்டா அங்க. உப்பு டப்பா எங்க இருக்குன்னு கேட்டாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்காத கேள்வி! எனக்கு பயமாப் போச்சு. அப்புறம் அதுவும் போய், சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. சாப்பாடு இறங்கல. ஒரு நாள் நானே சொன்னேன், எந்திரிங்க, செருப்பை மாட்டுங்கன்னு."

"டாக்டர் என்ன சொன்னார்னு தெரியும்ல உனக்கு?"

"டாக்டரைக் கேக்காமலா? நானே தனியா போய்க் கேட்டேன். மலை ஏறக் கூடாது, சமதரையில மெதுவா நடக்கலாம், நல்லதுதான்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டாக்டரையே மாத்தியிருப்பே" என்றாள் அம்மா.

மகள் மேஜைமேல் இருந்த தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

"விழுந்தாத்தானே ஆபத்து, விழாம பாத்துக்க நான் இருக்கேன்னு கிளம்பிட்டேன். பையில மாத்திரை, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் இருக்கும். ரோட்டுல என் பக்கத்துல நடக்கவே கூச்சப்படற மனுஷன், ஏரிக்கரை பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரு. கரையில படகு விடற பொம்பளை ஒருத்தி, 'புதுசா கல்யாணமா?'ன்னு கிண்டல் பண்ணா. வாரத்துல ரெண்டு மூணு நாள் போவோம். தண்ணியில காலை விட்டுட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. நீ போன் பண்ணும்போதுகூடப் பாதி நாள் அங்கதான்."

உக்காந்திருக்கேன்மா. அம்மாவை விட்டுட்டு நான் எங்க போகப் போறேன். மகள் ஒவ்வொரு பதிலாக எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பொய் இல்லை.

"உனக்குத்தான் வெயில் ஆகாதே?"

"இப்பவும் ஆகாதுதான். குடை பிடிச்சுக்கிட்டேன்." அம்மா கொஞ்சம் தயங்கி, "படகுகூட விட்டேன்" என்றாள். "துடுப்பு நான்தான் போடுவேன். அவரைப் போட விட்டா, விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு நீ என்னைக் கொன்னே போட்டுடுவே."

சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்த சின்னப் பெருமை சட்டென்று கலங்கியது. கட்டியிருந்த கையைப் பிரித்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கும் நல்லாத்தான் இருந்தாரு. திடீர்னு, 'அசதியா இருக்கு, போலாமா?'ன்னாரு. என்னிக்கும் அவரா அப்படிக் கேட்டதில்லை. நான்தான் இழுத்துட்டு வருவேன். பஸ்ல என் தோள்ல சாஞ்சுக்கிட்டே வந்தாரு. வீட்டுக்கு வந்து, ஜன்னலை நல்லாத் திறந்து விடுன்னு சொல்லிட்டுப் படுத்தாரு. அவ்வளவுதான். நான் அன்னிக்குக் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா... உன் பேச்சைக் கேட்டு வீட்லயே வெச்சிருந்தா இருந்திருப்பாரோ என்னவோ. உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்கு பயமா இருந்துச்சுடி."

அம்மா தன்னைவிட்டு விலகி விலகிப் போனது கோபத்தில் இல்லை, பயத்தில். அது இப்போதுதான் மகளுக்கு உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, அம்மாவின் கைகளை முகத்திலிருந்து எடுத்தாள்.

"அம்மா, இங்க பாரு. அப்பா இதயம் எந்த நிலைமையில இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியிலேயே எனக்குச் சொல்லிட்டாங்க. எப்ப வேணும்னாலும் நின்னுடலாம்னாங்க. நீ பயப்படுவேன்னுதான் உன்கிட்ட சொல்லல. நடந்ததால நிக்கல, படகுல போனதால நிக்கல. இங்க இதே நாற்காலியில நாள் பூரா உக்காந்திருந்தாலும் அதே செவ்வாய்க்கிழமைதான்."

"நிஜமா சொல்றியா, என் மனசுக்காகச் சொல்றியா?"

"மனசுக்காகச் சொல்றதுன்னா முதல் நாளே சொல்லியிருப்பேனே. மருந்துக் கடைக்காரியாவே சொல்றேன்."

அம்மா அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாள் போலிருந்தது. தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்றாள் மகள். "கடைசி ஒரு வருஷம் அவரைக் கூண்டுல போட்டுப் பூட்டிட்டேனே, அப்படியே அனுப்பிட்டேனேன்னு..."

"கூண்டா?" அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "உன் கூண்டுக்குக் கதவே கிடையாதேடி. நீ போனை வெச்ச மறு நிமிஷம் நாங்க அடுத்த பஸ் எப்பன்னு பாத்துட்டு இருப்போம்."

இரண்டு பேரும் அழுதார்கள், நடுநடுவே சிரித்தார்கள். நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனது போல மகளுக்கு இருந்தது. அப்பா இல்லாதது அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அவரை நினைத்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதுகு தெரியவில்லை. தண்ணீருக்குள் இரண்டு கால்கள் தெரிந்தன. பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா.

மத்தியானம் அம்மா தானே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்ததும் அப்படி ஒரு தூக்கம், குறட்டைச் சத்தம் கூடம் வரைக்கும் வந்தது.

சாயங்காலம் மருமகன் வேலை முடிந்து நேராக இங்கே வந்தான். மகள் கதவைத் திறந்த கையோடு, குரலைத் தாழ்த்தி நடந்ததை எல்லாம் கொட்டினாள். அவன் "அப்படியா?" "ஓகோ" என்று கேட்டான். கேட்ட விதம் சரியில்லை. காலுறையைக் கழற்ற ஒருத்தருக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"எனக்கா? எனக்கு எப்படி..."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். "ஒரே ஒரு தடவை கார்ல கொண்டு போய் விட்டேன். அன்னிக்கு பஸ் ஓடல."

"ஒரே ஒரு தடவைதானா?"

"போகும்போது ஒரு தடவை" என்றான். "திரும்பக் கூட்டிட்டு வந்தது கொஞ்சம் அடிக்கடி."

"அப்ப ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சா நின்னு போயிடும்னு மாமா சொன்னாரு. 'மாப்பிள்ளை, அவ பாசத்துலதான் பண்றா. அவ மனசு நோகக் கூடாது, நமக்கு ஏரியும் வேணும்'ன்னாரு. நான் என்ன பண்றது?"

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா எழுந்துவிடப் போகிறாளே என்று வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவன் இது சிரிப்புதானா என்று கொஞ்சம் பயத்தோடு பார்த்துவிட்டு, சிரிப்புதான் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சரி, கார்ல வரும்போது என்ன பேசிட்டு வருவார்?" என்று கேட்டாள் அவள். "ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவன் சொல்ல ஆரம்பித்தான்.